கையில் இருபதாயிரம், எந்த பார்ட்டை மாற்றுவது?

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். பிசி இருக்கிறது, கொஞ்சம் பணமும் இருக்கிறது, கேம் மட்டும் திணறுகிறது. முதல் கேள்விக்கான பதில் ரொம்ப நீண்டுவிட்டது. மற்றவர்கள் கேட்டதிலும் பாதிக்கு அதிலேயே பதில் இருப்பதால் வெட்டாமல் விட்டுவிட்டேன்.

கேள்வி: அண்ணா, 2019இல் அசெம்பிள் செய்த பிசி என்னுடையது. ரைசன் 5 2600, பி450 போர்டு, 8 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி), 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். வேலரன்ட், ஜிடிஏ 5 பிரச்சினை இல்லாமல் ஓடுகின்றன. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போட்டால் லோ செட்டிங்ஸிலேயே மூச்சு வாங்குகிறது. கடைக்காரர் ‘பிராசசர் பழசு, போர்டோட மாத்திடு’ என்கிறார். பனியன் கம்பெனி வேலையில் மாதாமாதம் ஒதுக்கி 20,000 சேர்த்திருக்கிறேன். முதலில் எதை மாற்றட்டும்?
— வாசகர், திருப்பூர்

பதில்: அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடவில்லையே? போர்டு, பிராசசர், அதற்கேற்ற ராம் என்று மொத்தப் பணமும் அங்கேயே கரைந்து, கடைசியில் அதே 1050 டிஐயைப் புது போர்டில் செருகி ரெட் டெட் போட்டீர்கள் என்றால், கிட்டத்தட்ட இப்போது வருகிற அதே எஃப்பிஎஸ்தான் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) வரும். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பிராசசர் பழசுதான், 2018இல் வந்தது. ஆனால் பழசு என்பது வேறு, உங்களைத் தடுத்து நிறுத்துவது வேறு.

எது தடுக்கிறது என்று நீங்களே பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது (எம்எஸ்ஐ கார்டுதான் வேண்டும் என்றில்லை, எந்தக் கம்பெனி கார்டிலும் ஓடும்). அதோடு வரும் ரிவாட்யூனரையும் சேர்த்துப் போட்டால் கேம் ஓடும்போதே திரை மூலையில் எண்கள் தெரியும். அதில் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் மூளையான சிப்) எவ்வளவு சதவீதம் வேலை செய்கிறது என்பதை மட்டும் ஐந்து நிமிடம் கவனியுங்கள். 97, 98, 99 என்றே நின்றால் கிராபிக்ஸ் கார்டு தன்னால் முடிந்ததையெல்லாம் கொடுத்துவிட்டது, அதற்கு மேல் அதனிடம் சரக்கு இல்லை. 60, 70 என்று இறங்கி ஏறிக்கொண்டே கேம் தடுக்கினால் கார்டு சும்மா காத்திருக்கிறது, வேலை எடுத்துக் கொடுக்க வேண்டிய பிராசசர்தான் (சில சமயம் ராம்) இழுக்கிறது.

இங்கே நிறையப் பேர் ஏமாறும் ஓர் இடம். பிராசசர் மொத்தமே 40 சதவீதம்தான் காட்டுகிறது, அப்போ அதில் பிரச்சினை இல்லை என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். உங்கள் 2600க்கு 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 12 வேலை வரிசை. கேமின் முக்கியமான வேலை பெரும்பாலும் ஒன்றிரண்டு த்ரெட்டில்தான் ஓடும், அந்த ஒன்று முட்டி நின்றாலும் மொத்தக் கணக்கில் அது தெரியாது. பந்தியில் பதினொரு பேர் வாளியோடு தயாராக நிற்கிறார்கள், அடுப்பிலிருந்து சாம்பார் மட்டும் இன்னும் இறங்கவில்லை என்கிற நிலை. அதனால் பிராசசரின் மொத்த சதவீதத்தை நம்பாதீர்கள், ஜிபியு எண்ணைப் பாருங்கள்.

மென்பொருளே வேண்டாம் என்றால் இன்னொரு வழி. கேம் செட்டிங்ஸில் ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டு, அசையாமல் அங்கேயே நின்றால் பிராசசர். காரணம் எளிது: ரெசல்யூஷன் குறைந்தால் கார்டின் சுமைதான் குறையும், பிராசசருக்கு வேலை கிட்டத்தட்ட அதேதான்.

உங்கள் விஷயத்தில் சோதனையின் முடிவை நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன், இருந்தாலும் செய்து பாருங்கள். 1050 டிஐ 2016 அக்டோபரில் வந்த கார்டு, 4 ஜிபி மெமரி, தனி பவர் கேபிள் இல்லாமல் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும்படி செய்தது. அந்தக் காலத்துக்கு அருமையான கார்டு, எனக்கும் அதன் மேல் பாசம் உண்டு. ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். போய் வா என்று வழியனுப்ப வேண்டியதுதான்.

அதன் இடத்தில் ஆர்எக்ஸ் 6600 பாருங்கள். 8 ஜிபி மெமரி, 132 வாட், 1080இல் விளையாட இதுவே தாராளம். புதிதாக வாங்கினால் அது ஒன்றே உங்கள் பட்ஜெட்டைத் தின்றுவிடும் என்பதால் நம்பிக்கையான இடத்தில் செகண்ட் ஹேண்ட் பார்ப்பது நல்லது (எப்படிப் பார்ப்பது என்று கீழே சேலம் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன்). பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே, விலையும் குறைவாயிற்றே என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போய்விடாதீர்கள். அதில் மெமரி 4 ஜிபிதான், போதாததற்கு போர்டோடு பேச அதற்கு நான்கே லேன், அதாவது தரவு போகும் பாதை. பிசிஐஇ 4 (கார்டு செருகும் ஸ்லாட்டின் தலைமுறை) இருக்கும் புது போர்டில் அது ஒரு மாதிரி சமாளிக்கும், உங்கள் பி450இல் இருப்பது பிசிஐஇ 3, அங்கே மெமரி நிரம்பியவுடன் திணற ஆரம்பித்துவிடும். 6600க்கு எட்டு லேன், உங்கள் போர்டில் போட்டாலும் இழப்பு கொஞ்சம்தான்.

இப்போது யாருமே கேள்வியில் கேட்காத பார்ட்டுக்கு வருகிறேன். கேபினட்டோடு வந்த அந்த எஸ்எம்பிஎஸ். அதன் ஸ்டிக்கரில் 450 வாட் என்று போட்டிருக்கும், அது அச்சடித்தவருக்கும் ஆண்டவனுக்கும் இடையிலான விஷயம். நான் ஒரு காலத்தில் இதே தப்பைச் செய்தவன். கார்டுக்கு முழுப் பணத்தையும் கொட்டிவிட்டு, எஸ்எம்பிஎஸ் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அந்த அடுத்த மாதம் வருவதற்குள் ஒரு ராத்திரி பட்டென்று ஒரு சத்தம், கருகல் வாடை. போகும்போது அது மதர்போர்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனது. கார்டு பிழைத்தது என் அப்பா செய்த புண்ணியம். உங்கள் 1050 டிஐ ஸ்லாட்டிலேயே பவர் எடுத்துக்கொண்டதால் இத்தனை வருடம் அந்தப் பெட்டி தப்பித்தது. 6600க்கு 8 பின் பவர் கேபிள் வேண்டும், உங்களிடம் இருப்பதில் அந்தக் கேபிளே இருக்காது என்று நினைக்கிறேன். மோலக்ஸில் (பழைய நான்கு பின் கேபிளில்) செருகும் கன்வெர்ட்டர் தருகிறேன் என்று கடையில் சொல்வார்கள், வேண்டாம். பெயர் தெரிந்த கம்பெனியின் 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze, மின்சாரத்தை வீணாக்காத தரத்துக்கான சான்று) 500 அல்லது 550 வாட், புதிதாக, பில்லோடு. நாலாயிரம் ஒதுக்குங்கள். கார்டு செகண்ட் ஹேண்டில் வாங்கலாம், எஸ்எம்பிஎஸ் எக்காரணம் கொண்டும் கூடாது.

மிச்சம் இருப்பதில் இன்னொரு 8 ஜிபி ராம். இது அளவுக்காக மட்டுமில்லை, ஒரே ஸ்டிக் என்றால் பிராசசருக்கு ஒற்றை வழிப்பாதை, இரண்டு போட்டால் இருவழி, ரைசனுக்கு அது நன்றாகவே தெரியும். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். ராம் விலை 2025 கடைசியிலிருந்து தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதன் விளைவு. அதனால் பழைய டிடிஆர்4 ஸ்டிக் ஒன்று தெரிந்தவரிடம் கிடைத்தால் அதுவே போதும், ராம் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிற பொருள் இல்லை.

எஸ்எஸ்டி அடுத்த மாதம். அது எஃப்பிஎஸ்ஸைக் கூட்டாது, யாராவது கூட்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள். லோடிங் நேரம் குறையும், பெரிய ஊர்களுக்குள் குதிரையில் வேகமாகப் போகும்போது வருகிற தடுக்கல் குறையும். ரெட் டெட் மட்டுமே 150 ஜிபி இடம் கேட்கும், ஆகவே 256 ஜிபி வாங்கிவிட்டு வருத்தப்படாதீர்கள், 500க்குக் கீழே வேண்டாம்.

பிராசசரை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், நொடிக்கு 60 படத்துக்கு மேல் அது காட்டாது, அந்த 60ஐ 2600 பெரும்பாலான கேம்களில் கொடுத்துவிடும். பிற்பாடு 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கும் நாளில் அதே போர்டிலேயே ரைசன் 5 5600 போட்டுக்கொள்ளலாம். பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயோஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்துவிட்டு, அப்புறம்தான் கழற்ற வேண்டும், வரிசை மாறினால் திரையில் ஒன்றும் வராது. 5500 கொஞ்சம் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் அதில் கேஷ் மெமரி (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) பாதி, 16 எம்பிதான். கேமுக்கு அது முக்கியம்.

கேள்வி: ரைசன் 5 5600ஜி, 8 ஜிபி ஒற்றை ராம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. கார்டு வாங்க இன்னும் ஆறு மாதம் ஆகும். அதுவரை ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: இன்னொரு 8 ஜிபி ஸ்டிக். உங்கள் கிராபிக்ஸ் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது, அதற்கென்று சொந்த மெமரி கிடையாது, ராமைத்தான் கடன் வாங்கி ஓட்டுகிறது. ராமின் வேகம்தான் அதற்குத் தலையெழுத்து. இரண்டாவது ஸ்டிக் போட்டு, பயோஸில், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்துவிட்டு (இதை மறப்பவர்கள்தான் அதிகம், 3200 ராம் வாங்கி 2400இல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்) விளையாடிப் பாருங்கள், வித்தியாசம் அளந்து பார்க்காமலே தெரியும். ஆறு மாதம் கழித்துக் கார்டு வந்தாலும் அந்த ராம் வீணாகாது.

கேள்வி: ஐ5 மூன்றாம் தலைமுறை, எச்61 போர்டு, ஜிடி 730 4 ஜிபி கார்டு. ராமை 8இலிருந்து 16 ஆக்கினால் எஃப்பிஎஸ் இரட்டிப்பாகும் என்று சொல்கிறார்கள். 1050 டிஐயிலும் 4 ஜிபிதானே இருக்கிறது, என் கார்டு மட்டும் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?
— வாசகர், விருதுநகர்

பதில்: இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. கார்டின் மெமரி என்பது மேஜையின் அகலம், அதில் உட்கார்ந்து வேலை செய்பவரின் வேகம் இல்லை. ஜிடி 730 வந்தது 2014இல், அப்போதே அது படம் பார்க்கவும் இரண்டு மானிட்டர் இணைக்கவும்தான். அதில் 4 ஜிபி போடுவது பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடிப்பதற்காக. போதாததற்கு, பெரும்பாலான 4 ஜிபி மாடல்களில் இருப்பது மெதுவான டிடிஆர்3 மெமரி.

ராமை 16 ஆக்கினால் குரோமில் இன்னும் நாலு டேப் திறக்கலாம், கேமில் ஒன்றும் நடக்காது. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இந்த மெஷினில் இனி பணம் போடாதீர்கள். அந்த போர்டில் இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறை மட்டும்தான் உட்காரும். நான்காவதுக்கு சாக்கெட் வேறு. ஆறும் ஏழும் வேறு. எட்டும் ஒன்பதும் அதே 1151 என்ற பெயரில் வந்தாலும் ஆறு, ஏழுக்கான போர்டில் ஓடாது (இந்த ஒரு விஷயத்தில் மோசம் போனவர்களைச் சேர்த்தால் ஒரு சங்கமே ஆரம்பிக்கலாம்). விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். பணத்தைச் சேர்த்து வையுங்கள். ஐ3 12100எஃப் போன்ற ஒன்றோடு புதிதாகத் தொடங்கலாம், நான்கு கோர்தான் என்றாலும் உங்கள் ஐ5ஐ அது எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விடும். அவசரம் தாங்கவில்லை என்றால் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள், அதை நாளைக்குப் புது மெஷினுக்குக் கழற்றிக்கொண்டு போகலாம்.

இன்னொன்று. ‘ஐ7 கேமிங் பிசி, 15,000 மட்டுமே’ என்று வரும் விளம்பரங்களில் எந்தத் தலைமுறை ஐ7 என்று கேளுங்கள். அநேகமாக உங்கள் போர்டின் அண்ணன் தம்பிதான் உள்ளே இருப்பான்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் வரப் போகிறேன். கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், சேலம்

பதில்: உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது, அதற்காக ரொம்பக் கவலைப்படவும் வேண்டாம். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி முறையை மாற்றிக்கொண்டதோடு கார்டு வைத்து மைனிங் செய்வதில் வருமானம் போய்விட்டது, அந்த அலையில் வந்த கார்டுகளில் கெட்டுப்போக வேண்டியவை பெரும்பாலும் கெட்டுப்போயிருக்கும். இப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் கார்டு என்றால் பார்க்க வேண்டியது ஃபேனையும் சூட்டையும்.

பெரிய ஆபத்து வேறு இடத்தில். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி ‘2048எஸ்பி’ என்ற ரகத்தைத் தருவார்கள். அசல் 580இல் 2304 ஷேடர் (படம் வரையும் குட்டிக் கணக்கு அலகு), அந்த ரகத்தில் 2048, அதாவது பெயர்தான் 580, ஆள் 570. அப்புறம் பழைய கார்டில் பயோஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று காட்டும் போலிகள். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளை பென் டிரைவில் கொண்டு போய்க் கடையிலேயே ஓட்டுங்கள், ஷேடர் எண்ணிக்கை தெரியும், பழைய சிப்பில் செய்த போலி என்றால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிவிடும். அதைவிட முக்கியம், கார்டை முழு சுமையில் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை இருபது நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளிகள், கோடுகள், ஃபேன் கரகரப்பு, எல்லா டிஸ்பிளே போர்ட்டும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ‘அதெல்லாம் நல்லா ஓடும் சார், டீ சாப்பிடுங்க’ என்றால் டீயைக் குடித்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். ஜிஎஸ்டி பில் இருந்து, அதில் உள்ள சீரியல் நம்பரும் கார்டில் உள்ளதும் ஒன்றாக இருந்தால் ஆயிரம் கூடக் கொடுக்கலாம்.

கேள்வி: ஐ5 12400எஃப், புதிதாக ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ போட்டேன். கேம் நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ் கத்திவிட்டு எல்லாம் சேர்ந்து அணைந்துவிடுகிறது. கார்டு டூப்ளிகேட்டா? யுபிஎஸ் 600 விஏ.
— வாசகர், கடலூர்

பதில்: கார்டு நல்ல கார்டுதான். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலானவை தருவது 360 வாட். உங்கள் கார்டு 200, பிராசசர் கேமில் எழுபது எண்பது, மானிட்டர், போர்டு, ஃபேன் எல்லாம் சேர்ந்து அந்த வரம்பை உரசிக்கொண்டு நிற்கின்றன. கார்டு ஒரு நொடி எகிறினாலும் யுபிஎஸ் கையைத் தூக்கிவிடும், பேட்டரிக்கு இரண்டு வயது ஆகிவிட்டால் கேட்கவே வேண்டாம். 1000 அல்லது 1100 விஏ வாங்குங்கள். அதுவரை கேமில் எஃப்பிஎஸ்ஸை 60இல் பூட்டி வைத்தால் கார்டு இழுக்கும் வாட் நன்றாகக் குறையும், கரண்ட் போனதும் சேவ் செய்யும் அளவுக்காவது நேரம் கிடைக்கும்.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன், பழையதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.
— வாசகர், ஓசூர்

பதில்: விண்டோஸில் டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே போய்ப் பாருங்கள், 60இலேயே நிற்கும். மாற்றிவிட்டு மவுஸை ஆட்டுங்கள்.

கேள்வி: ஐயா, என் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதல் வருடம். வீட்டில் இருப்பது ஐ5 பத்தாம் தலைமுறை, ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்று அவனே எழுதிக் கொடுத்தான். படிப்புக்கு வேண்டும் என்று 42,000 ரூபாய் கார்டு கேட்கிறான். உண்மையிலேயே தேவையா?
— ஒரு தாய், திருச்சி

பதில்: அம்மா, முதல் வருடத்தில் சி, பைத்தான் எழுதக் கார்டே வேண்டாம். பின்னால் ஏஐ பாடம் வந்தாலும் தொடக்கத்துக்கு கூகுள் கோலாப் இலவசமாகவே ஜிபியு தருகிறது. அவனுக்கு வேண்டியது கேமுக்கு. அதில் தப்பில்லை, நேராகக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

திட்ட வேண்டாம். எந்த கேம் என்று கேளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், மேலே திருப்பூர் வாசகருக்குச் சொன்ன ஜிபியு எண்ணைத் திரையில் வரவைக்கச் சொல்லுங்கள். 70இல் ஆடிக்கொண்டிருந்தால் புதுக் கார்டு வாங்கியும் பயனில்லை. 99இல் நின்றால் அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்த மானிட்டருக்கு 42,000க்கு இல்லை, அதில் பாதிக்கு.